இணைப்பு: ஒரு புகைப்படம்

ஹாம்பர்க்கிலிருந்து மின்னஞ்சல் வந்தபோது
போபோ-துலாசோவில் மின்சாரம் இல்லை.
மிநாதா சானுவின் உலர்த்தும் கூடத்துக்கு வெளியே
கைபேசியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து
வரிவரியாக இறக்கினேன்.

மூன்று டன் மாம்பழக் கீற்று.
ஈரப்பதம் சரி. மருந்தின் எச்சம் இல்லை.
நிறமும் நீளமும் சொன்னபடி.
பெட்டி எண் இருநூற்றுப் பன்னிரண்டில் மட்டும்
ஒரு முடி.

கூடவே ஒரு படிவம், மூன்று கட்டங்கள்:
காரணம். திருத்தம். தடுப்பு.
எழுபத்திரண்டு மணி நேரம் தவணை.

நிரப்பத் தெரிந்தவன் நான்.
சிறு தொழில்களைக் கடல் தாண்ட வைக்கும் திட்டத்தில்
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
(அந்தச் சம்பளமும் கடல் தாண்டித்தான் வருகிறது.
எங்கள் நாட்டுக்குக் கடல் கிடையாது.)
இந்தக் கூடத்துக்கு இரண்டு வருடமாக
எலிப்பொறிகளின் வரைபடம் கொடுத்தேன்,
வேலை முடிந்ததும் கத்திகளை எண்ணச் சொன்னேன்,
கம்மலைக் கழற்றச் சொன்னேன், கல்யாண மோதிரத்தையும்.

மயிரைக் கட்டி மலையை இழுப்பார்கள்,
போனால் மயிர்தானே என்று.
இங்கே மயிர் வந்துவிட்டது,
மலை போய்க்கொண்டிருக்கிறது.

"படத்தைப் பெரிதாக்கு" என்றாள் மிநாதா.

வெள்ளைத் தட்டு. பக்கத்தில் அளவுகோல்.
பதினொரு சென்டிமீட்டர்,
கோடு கிழித்ததுபோல் நேராக,
காய்ந்த சோளத்தாளின் நிறத்தில்.

முதலில் ஃபந்தா வலையைக் கழற்றினாள்.
பிறகு முப்பத்தெட்டுப் பேரும்.
ஒட்ட வெட்டியவை, வரிவரியாய்ப் பின்னியவை,
சுருண்டு சுருண்டு நரைத்தவை.
நீள முடி அசேதுவுக்கு மட்டும்.
அது கடை முடி, மைக்கறுப்பு.
"நாலு தவணையில் வாங்கினது,
ஒரு இழை உதிர்ந்தாலும் எனக்குத் தெரியும்."

சிரிப்பு சுவரில் மோதித் திரும்பி வந்தது.
நான் சிரிக்கவில்லை.
நான் ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்தேன்:
வலை நழுவியது. மறுபயிற்சி. இனி இரட்டை வலை.
வாங்குகிறவனோடு வாதாடி ஜெயித்தவர்கள்
சரக்கைத் தாங்களே தின்றிருக்கிறார்கள்,
பார்த்திருக்கிறேன்.

மிநாதா படித்தாள்.
"யார் வலை?"

பதில் வரக் காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:
"போன வருடம் ஈரம் கூடிப்போனது என் தப்பு.
ஒப்புக்கொண்டேன்.
வங்கிக்கு இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.
இது என் தப்பு இல்லை. எழுது."

அவள் தியூலாவில் சொல்ல, பிரெஞ்சில் யோசித்து,
ஆங்கிலத்தில் அடித்தேன்.

காரணம்: இந்த முடி எங்கள் தலை எதிலும் முளைக்காது.
முப்பத்தெட்டுத் தலைகளின் படம் இணைப்பில்.
திருத்தம்: உங்கள் பரிசோதனை மேசையில் தொடங்கவும்.
தடுப்பு: அடுத்த சரக்கோடு ஐம்பது வலைகள்
அனுப்பி வைக்கிறோம். இலவசம்.

அனுப்பும் பொத்தான்மேல் என் விரல் நின்றது.
அவள் விரல் நிற்கவில்லை.

பன்னிரண்டு நாள்.
மாம்பழத்துக்குக் காத்திருக்கத் தெரியாது.
முற்றத்தில் கூடை கூடையாய்ப் பழுத்தது,
குளவி மொய்த்தது,
எரிவாயுக்காரன் இரண்டு முறை வந்துபோனான்.
மிநாதா கடனுக்கு இன்னும் நாற்பது கூடை இறக்கினாள்.
எனக்குத் தூக்கம் போனது.

பதின்மூன்றாம் நாள் ஆர்டர் வந்தது.
ஐந்து டன்.
முடியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.
விலை மட்டும் கிலோவுக்கு ஐந்து சென்ட் குறைந்திருந்தது.
காரணம் என்றொரு கட்டம்
அந்தப் படிவத்தில் இல்லை.

மிநாதா நெடுநேரம் கணக்குப் போட்டாள்,
அட்டைப்பெட்டியின் முதுகில், கரித்துண்டால்.
பிறகு கையெழுத்திட்டாள்.

இன்று காலை
முதல் பெட்டியின் மேலாக
ஐம்பது வலைகளை எண்ணி வைத்திருக்கிறாள்.
அபிஜான் போகும் ரயிலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்.
சுங்கப் பட்டியலில்
இவற்றை எந்தக் குறியீட்டில் எழுதுவது என்று
தேடிக்கொண்டிருக்கிறேன்.